ஆறு மறுப்புக் கடிதங்களுக்குப் பிறகு ஜெர்மனி

2023 குளிர்காலப் பருவத்தில் முதுநிலை படிக்க ஜெர்மனியில் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். ஆறும் மறுத்தன. திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவன் நான். தரப்புள்ளி பத்துக்கு 7.6, நடுவில் இரண்டு அரியர், கோயம்புத்தூரில் ஓராண்டு வேலை. அரியர்தான் காலை வாரிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மூன்றாவது மறுப்புக் கடிதத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அகராதியோடு உட்கார்ந்து படித்தபோது வேறு கதை தெரிந்தது. அரியரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மின்னணுவியலிலும் கணினி அறிவியலிலும் குறைந்தது இத்தனை கிரெடிட் வேண்டும், உங்களிடம் அதில் பாதிகூட இல்லை என்று எழுதியிருந்தது. நான் விண்ணப்பித்திருந்தது இயந்திரவியலும் மின்னணுவியலும் கணினியும் கலந்த மெக்கட்ரானிக்ஸ் படிப்புக்கு. எங்கள் நான்காண்டுப் பாடத்திட்டத்தில் மின்னியல் என்று இருந்தவை இரண்டே பாடங்கள்.

அந்த ஆறு பெயர்களையும் தேர்ந்தெடுத்தது நான் அல்ல, ஓர் ஆலோசனை நிறுவனம். தரவரிசைப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய பட்டியல் என்பதால் நானும் கேள்வி கேட்கவில்லை. ஜெர்மனியில் முதுநிலைச் சேர்க்கை பெரும்பாலும் கணக்கு வழக்கு போன்றது. இளநிலையில் எந்தத் துறையில் எத்தனை கிரெடிட் படித்தாய் என்று ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு விதிமுறை ஆவணம் உண்டு. பல இடங்களில் அது ஜெர்மன் மொழியில் மட்டும்தான் இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது அதைப் படித்துவிடுங்கள். விளம்பரப் பக்கத்தில் 'தொடர்புடைய இளநிலைப் பட்டம்' என்று போட்டிருப்பார்கள். எது தொடர்பு என்பது விதிமுறை ஆவணத்தில்தான் இருக்கும்.

இரண்டாம் முறை ஒரு நீள அட்டவணை போட்டேன். இடப்பக்கம் அந்தப் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்கள்: கணிதம், இயக்கவியல், வெப்ப இயக்கவியல், பொருளறிவியல். வலப்பக்கம் நான் படித்தவை, வகுப்பு நேரத்தோடு. அவர்களுடைய கிரெடிட்டுக்கு ஈ.சி.டி.எஸ். என்று பெயர், ஓராண்டுப் படிப்புக்கு 60, ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் கிரெடிட்டை அப்படியே எடுத்து வைத்தால் பொருந்தாது. நம் மொத்தக் கிரெடிட்டுக்கும் அவர்களுடைய மொத்தத்துக்கும் என்ன விகிதம் வருகிறதோ அதே விகிதத்தில் ஒவ்வொரு பாடத்தையும் மாற்றிப் பார்த்தேன். பாடத்தின் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. எங்கள் கல்லூரியில் 'எண்முறை முறைகள்' என்று இருந்த பாடம் முழுக்க முழுக்கக் கணிதம். பெயரைப் பார்த்தால் அது யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று வரியில் உள்ளடக்கம் எழுதி இணைத்தேன். முப்பது படிப்புகளை அலசியதில் எனக்குப் பொருந்தியவை ஏழுதான். ஏழில் மூன்றில் இடம் கிடைத்தது.

மதிப்பெண்ணிலும் ஏமாந்திருந்தேன். அங்கே 1.0 தலைசிறந்தது, 4.0 தேர்ச்சி எல்லை. எண் குறையக் குறைய நல்லது. நம் மதிப்பெண்ணை மாற்றுவதற்கு பவேரியச் சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதிகபட்சப் புள்ளியிலிருந்து நம் புள்ளியைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். குறைந்தபட்சம் 5 என்று வைத்துக்கொண்டு எனக்கு 2.44 என்று கணக்குப் போட்டு மகிழ்ந்திருந்தேன். எங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலோ தேர்ச்சிக்கான ஆகக் குறைந்த தரப்புள்ளி 6 என்று அச்சாகியிருந்தது. அதை வைத்தால் விடை 2.8. பல படிப்புகள் 2.5 என்று எல்லை வைத்திருக்கின்றன. என் முதல் பட்டியலில் அப்படிப்பட்டவை இரண்டு. பணம் கட்டும் முன்பே தோற்றுவிட்ட விண்ணப்பங்கள் அவை.

பணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நிறைய பல்கலைக்கழகங்கள் விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாகவே வாங்குகின்றன. ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 30. முதல் ஆண்டு ஆறில் நான்கு அந்த வழி. 165 யூரோ போனது போனதுதான். அவர்கள் சரிபார்க்கவே வாரக்கணக்கில் ஆகும். கடைசி நாளன்று ஆவணம் ஏற்றினால், ஒரு தாள் விடுபட்டிருந்தால்கூட அதைத் திருத்த நேரம் இருக்காது.

கடைசி நாள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 வரை நேரம் இருக்கிறதே என்று தம்பிகள் கேட்கிறார்கள். இருக்கிறது, அங்கே உள்ளூரில் இருப்பவர்களுக்கு. பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. நமக்கு அனுமதி வந்து, விசா நேர்காணலுக்கு நாள் கிடைத்து, கடவுச்சீட்டு திரும்பி வரவே மூன்று மாதம் போய்விடலாம். வெளிநாட்டவருக்கு மார்ச்சிலும் மே மாதத்திலும் கதவை மூடும் இடங்களும் உண்டு. நான் இரண்டாம் முறை பிப்ரவரியிலேயே அனுப்பத் தொடங்கினேன்.

இதற்கெல்லாம் முன்பு ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் படித்தவர்களின் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று புது டெல்லியில் சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். நான் கட்டிய கட்டணம் 18,000 ரூபாய். அரியர் விழுந்த பருவங்களின் பட்டியல்களையும் மறைக்காமல் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒருமுறை வாங்கியதையே அடுத்த ஆண்டும் பயன்படுத்தினேன். இதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, ஆகவே எல்லா வேலைக்கும் முன் இதைத் தொடங்குங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் நம் ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பார் ஆசிரியர். எங்கள் வகுப்பில் நான்கு பேர் ஒரே மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுபோனோம். இரண்டாம் முறை நான் எங்கள் இறுதியாண்டுத் திட்டத்தை வழிநடத்திய ஆசிரியரிடம் போய், கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தேன்: என்ன செய்தோம், எங்கே சொதப்பினோம், எப்படிச் சரிசெய்தோம். 'உங்கள் வார்த்தையில் எழுதுங்கள் சார்' என்று கேட்டதற்கு முதலில் அலுத்துக்கொண்டார். பிறகு பத்து வரி எழுதினார். ஆங்கிலம் அப்படி இப்படித்தான் இருந்தது. ஆனால் அது என்னைப் பற்றிய கடிதமாக இருந்தது.

ஏன் இந்தப் படிப்பு என்று நாமே எழுதும் நோக்கக் கடிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சிறுவயதில் பொம்மைக் காரைப் பிரித்துப் பார்த்த கதையை வெட்டுங்கள். அந்தப் பாடத்திட்டத்தில் எந்த இரண்டு பாடங்கள் வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுதினால் போதும்.

செலவு விஷயத்தில் 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்பது முக்கால் உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை, நிர்வாகத்துக்கும் மாணவர் சேவைகளுக்குமான சிறிய பருவக் கட்டணம் மட்டும்தான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ படிப்புக் கட்டணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்திலிருந்து முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. இவை போக, ஓராண்டுச் செலவை, மொத்தமாக எடுக்க முடியாத முடக்கக் கணக்கு என்ற வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். நான் விசாவுக்குப் போனபோது அது 11,208 யூரோ. அந்த ஆண்டு செப்டம்பரில் 11,904 ஆயிற்று. மாதா மாதம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கைக்கு வரும். அப்பா பத்து லட்சத்துக்கு மேல் ஒரே நாளில் அனுப்பிவிட்டு, 'பணம் எங்கேயும் போகாதுல்ல' என்று மூன்று முறை கேட்டார். வங்கியிலிருந்து அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததாக உறுதி வருவதற்குள் ஐந்து நாள் எனக்கும் தூக்கம் இல்லை.

கடைசியாக, நம்மவர்களுக்கே உரிய ஒரு தலைவலி: பெயர். மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்துத் தலைப்பெழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அதே எழுத்து முன்னால். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் முழுப்பெயர். நமக்கு மூன்றும் ஒரே ஆள். அங்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு மூன்று ஆள். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுப் பதிவில் தொடங்கி எல்லா இடத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதினேன். மூன்றும் ஒருவரே என்று கல்லூரியிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கி எல்லா விண்ணப்பத்திலும் சேர்த்தேன். குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டிருப்பவர்கள் விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆண்டே அதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

2024 அக்டோபரில் எல்பே ஆற்றங்கரையில் ஒரு நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். அறைக்கு வெளியே என் அஞ்சல் பெட்டியில் என் பெயரை அழகாக எழுதி ஒட்டினேன். இரண்டு வாரமாகியும் காப்பீட்டு அட்டை வரவில்லை. கட்டடத்துக்குள் அறை எண்ணைப் பார்த்துக் கடிதம் போடும் வழக்கம் இங்கே பெரும்பாலும் இல்லை. பெட்டியில் உள்ள குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். அட்டை அப்பாவின் பெயருக்கு வந்து, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பிப் போயிருந்தது. பழைய தாளைக் கிழித்துவிட்டு அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பினேன்.