நிஷிகசாய் முதல் ஓதெமாச்சி வரை

ஏப்ரல் 13, திங்கள்
டோக்கியோ மெட்ரோவில், கிபா நிலையம் தாண்டியதும் குமட்டல். மொன்சென்-நகாச்சோவில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்தடுத்து வண்டி வருகிறது, ஒன்றிலும் கால் வைக்க இடமில்லை. 2019-ல் இந்த ஒரு துண்டில் நெரிசல் 199 விழுக்காடாம். இவர்கள் கணக்கில் 200 என்றால் உடம்போடு உடம்பு அழுந்தும், ஆனாலும் வார இதழ் படிக்கலாம். இப்போது எவ்வளவோ பரவாயில்லை என்கிறார் அவர். என் வயிறு அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 14
வருஷப்பிறப்பு. வெல்லம் கரையும் வாசனையே ஆகவில்லை. பச்சடியை அவர்தான் கிண்டினார்.

ஏப்ரல் 16, வியாழன்
தாய்-சேய் கையேடு கொடுத்தார்கள். கூடவே பையில் தொங்கவிட அந்த வட்டச் சின்னம். இளஞ்சிவப்பில் அம்மாவும் குழந்தையும், கீழே ‘வயிற்றில் குழந்தை இருக்கிறது’ என்ற எழுத்து. 2006-லிருந்து நாடு முழுக்க இது ஒன்றுதான். வயிறு தெரியாத மாதங்களில் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியட்டும் என்றுதான் கொடுக்கிறார்கள்.

நமக்கோ அந்த மாதங்களில்தான் வாயே திறக்கக் கூடாது. மூணு மாசம் தாண்டட்டும், கண்ணு படும் என்று அத்தை போனில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தங்கைக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. இதில் ஒரு ரயில் பெட்டிக்கே எழுதிக் காட்டவா?

போன முறை எல்லாரிடமும் சொன்னோம்.

ஏப்ரல் 17
சின்னம் பைக்குள்ளேயே இருக்கிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்
எல்லாரையும் போலப் பையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஏறினேன். அரகவா ஆற்றுப் பாலம் வரை கொஞ்சம் வெளிச்சம், வானம். மினாமி-சுனமாச்சிக்கு முன்னால் வண்டி தரைக்கடியில் இறங்கிவிடுகிறது, அங்கிருந்துதான் எனக்குத் தொல்லை. முன்னால் நின்றவர் சட்டையில் துவைத்த வாசனை மூக்கை அடைத்தது. கைக்குட்டைக்குள் எலுமிச்சம்பழத்தைக் கீறி வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. முன்னுரிமை இருக்கையில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். சிபாவில் விடிவதற்கு முன்னால் எழுந்து வருகிறவர்கள், தூங்கத்தான் செய்வார்கள். தெரிந்தும் கோபம் வந்தது. எழுப்பிக் கேட்கிற அளவுக்கு ஜப்பானியமும் வரவில்லை, தைரியமும் வரவில்லை.

ஏப்ரல் 23
பெண்கள் பெட்டி. அங்கேயும் கூட்டம்தான். ஆனால் யார் முழங்கையும் என் முகத்துக்கு நேரே வரவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி
மாட்டிவிட்டேன்.

கறுப்புக் கோட்டு போட்ட சின்னப் பெண், இந்த மாதம்தான் வேலையில் சேர்ந்திருப்பாள். சின்னத்தைப் பார்த்ததும் எழுந்து, கையால் இருக்கையைக் காட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். நன்றி சொல்லக்கூட முகம் கொடுக்கவில்லை. ஓதெமாச்சி வரை அழுதுகொண்டே வந்தேன். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

நிஷிகசாயில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள் போலத்தான் இருக்கிறது. யாராவது பார்த்து ஊருக்குச் சொல்லிவிட்டால்? நடைமேடையில் சின்னத்தைப் பைக்குள் தள்ளிவிட்டு, பாலம் தாண்டியதும் வெளியே எடுத்துப் போடுகிறேன்.

ஏப்ரல் 29
விடுமுறை. காலையில் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை.

மே 7, வியாழன்
மறுபடி கூட்டம். பாலம் தாண்டி எடுத்துப் போட்டேன். நிமிர்ந்தால் எதிரே மூன்றாம் மாடி அக்கா. பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை, நான் நிற்கிற பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். இறங்கும்போது, “நாளைக்கும் இதே வண்டிதானே? சேர்ந்தே போவோம்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

நாளை காலை ஸ்கேன். அவர் லீவு போட்டிருக்கிறார். போன முறையும் இதே வாரம்தான். நான் வரவில்லை என்று அக்காவிடம் சொல்ல வேண்டும்.