இம்ப்ளான்ட் ஸ்கேன்: பிசகு பெரும்பாலும் ஸ்கேனரில் இல்லை

பல் இம்ப்ளான்ட்டை (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வாய்க்குள் அளவெடுக்கும் ஸ்கேனர் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது, எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துல்லியம் என்ற கணக்கு. அந்த எண் பெரும்பாலும் மேசைமேல் வைத்த மாதிரியில் அளந்தது. அங்கே எச்சில் இல்லை, நாக்கு இல்லை, அசையும் ஈறும் இல்லை. வாய்க்குள் கிரவுன் (இம்ப்ளான்ட்மேல் வைக்கும் செயற்கைப் பல்) பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்: ஸ்கேன் பாடி (இம்ப்ளான்ட்டின் இருப்பிடத்தைக் காட்ட அதில் தற்காலிகமாக மாட்டும் அடையாளத் துண்டு) முழுதாக உட்கார்ந்ததா, ஒரே ஓட்டத்தில் எவ்வளவு தூரம் ஸ்கேன் செய்கிறோம்.

இயற்கைப் பல்லைச் சுற்றி நார்ப்படலம் இருப்பதால் சிறு பிசகுக்குப் பல் நகர்ந்து கொடுக்கும். எலும்போடு இறுகிய இம்ப்ளான்ட் அப்படிக் கொடுக்காது. பல இம்ப்ளான்ட்களை இணைக்கும் பிரிட்ஜில் (ஒன்றாகச் சேர்ந்த பல்வரிசை) திருகை இறுக்கினால் எல்லாம் உட்கார்ந்ததுபோலத் தெரியும். உண்மையில் பிரிட்ஜ் வளைந்து உட்கார்ந்திருக்கும். அந்த இழுவிசைதான் பின்னாளில் திருகு தளர்வதாகவும் செராமிக்கில் விரிசலாகவும் வெளிவருகிறது. பிரிட்ஜுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வரை பரவாயில்லை? 1983-இல், நவீன பல் இம்ப்ளான்ட்டின் முன்னோடியான பிரேனமார்க் 10 மைக்ரான் என்றார். 1991-இல் ஆய்வாளர் யெம்ட் 150 மைக்ரான் வரை ஏற்கலாம் என்றார். இன்றுவரை ஒருமித்த எண் கிடையாது.

ஸ்கேன் பாடியை மாட்டுவதில்தான் அதிக கவனம் வேண்டும். ஹீலிங் அபட்மென்ட்டை (ஈறு ஆறும்வரை இம்ப்ளான்ட்மேல் இருக்கும் மூடி) கழற்றியதும், ஈறு சரிந்து உள்ளே சாய்வதற்குள், அந்தப் பள்ளத்தை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்துப் பற்களின் தொடுமுகங்களையும் அப்போதே எடுத்துவிட வேண்டும்; ஸ்கேன் பாடி நின்ற பிறகு கேமராவுக்கு அந்த இடம் மறைந்துவிடும். மறைந்த பகுதியை மென்பொருள் ஊகித்து நிரப்பினால் கிரவுனின் தொடுபுள்ளி இறுக்கமாகவோ தளர்வாகவோ வரும்.

இணைப்பின் உட்புறத்தைக் கழுவி உலர்த்திவிட்டு ஸ்கேன் பாடியை மாட்டுங்கள். அடியில் ஈறு சிக்கினாலும் அது நேராக நிற்பதுபோலவே தெரியும். ஆழமான இம்ப்ளான்ட் என்றால் கண்ணை நம்பாமல் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்; கதிர் இம்ப்ளான்ட்டின் அச்சுக்குச் செங்குத்தாக விழாவிட்டால் இடைவெளி இருந்தும் படத்தில் தெரியாது. இறுக்கும் விசை தயாரிப்பாளர் சொன்ன அளவுதான். பீக் பிளாஸ்டிக்கில் செய்தவற்றைக் கூடுதலாக இறுக்கினால் அடிப்பகுதி நசுங்கும், ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) திரும்பத் திரும்பப் போய்வந்தால் அளவு மாறலாம். இம்ப்ளான்ட்டுக்குள் கூம்பு வடிவில் இறங்கிப் பொருந்தும் கூம்பு இணைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்கேன் பாடியைப் பெரும்பாலும் குறைந்த விசையில் கையால் இறுக்குகிறோம், அபட்மென்ட்டை (கிரவுனைத் தாங்கும் இடைத்துண்டு) 30 அல்லது 35 நியூட்டன் சென்டிமீட்டரில் இறுக்குகிறோம். விசை கூடும்போது கூம்பு கொஞ்சம் கீழே இறங்கும். கிரவுன் கடியில் தாழ்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேபுக்கு அனுப்பும்போது ஸ்கேன் பாடியின் சரியான பெயரையும் இணைப்பின் அளவையும் எழுதுங்கள். மென்பொருளில் தவறான லைப்ரரியை (ஸ்கேன் பாடிகளின் வடிவக் கோப்பு) தேர்ந்தெடுத்தாலும் திரையில் படம் அழகாகவே வரும்.

ஓரிரண்டு இம்ப்ளான்ட் என்றால் நல்ல ஸ்கேனர் எதுவும் போதும். முழுத் தாடை அப்படியல்ல. ஸ்கேனர் சின்னச் சின்னப் படங்களை ஒட்டித்தான் முழு வடிவத்தைக் கட்டுகிறது. ஒவ்வொரு ஒட்டிலும் விழும் சிறு பிசகு மறுமுனைக்குப் போகப்போக ஏறிக்கொண்டே போகும். பல்லில்லாத வழுவழுப்பான ஈறில் பிடித்துக்கொள்ள அடையாளமும் இல்லை. ஒரே ஸ்கேன் பாடியை மாற்றி மாற்றி மாட்டாமல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வையுங்கள், பாதையை முதலிலேயே தீர்மானியுங்கள், நடுவில் நிறுத்தித் தொடராதீர்கள். போட்டோகிராமெட்ரி (பல கோணப் படங்களிலிருந்து இருப்பிடத்தைக் கணக்கிடும் முறை) வசதி இருந்தால் இம்ப்ளான்ட்களின் இருப்பிடத்தை அதில் எடுத்து, ஈறை மட்டும் வாய் ஸ்கேனரில் எடுப்பது என் பார்வையில் மேலான வழி.

இரண்டு முறை ஸ்கேன் செய்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் இரண்டும் ஒத்துப்போவது சீர்மையை (திரும்பத் திரும்ப ஒரே அளவு வருவதை) மட்டுமே காட்டும், உண்மையளவை அல்ல. கோணலாக உட்கார்ந்த ஸ்கேன் பாடி இரண்டு முறையும் அதே கோணலைத்தான் தரும்.

அதனால் முழுத் தாடைக்கு, இறுதி பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு சோதனை ஜிக்கை (ஸ்கேனை வைத்துச் செய்த இணைப்புச் சட்டம்) வாயில் வைத்துப் பார்க்காமல் போகாதீர்கள். ஒரு முனைத் திருகை மட்டும் இறுக்கிவிட்டு மறுமுனையைப் பாருங்கள். இணைப்பு ஈறுக்கு அடியில் இருந்தால் எக்ஸ்ரேயில் பாருங்கள். ஜிக் எழும்பி நின்றால் எந்த இம்ப்ளான்ட்டுக்கு முன் கோணுகிறதோ அங்கே அறுத்து, துண்டுகளைத் தனித்தனியாகத் திருகி, பேட்டர்ன் ரெசினால் (வாயிலேயே இறுகும் பிசின்) வாயிலேயே இணைத்து லேபுக்கு அனுப்புங்கள். அறுத்த இடைவெளி மெல்லிய கோடாக இருக்கட்டும். அகலமாக இருந்தால் ரெசின் இறுகும்போது சுருங்கி மறுபடி பிசகைக் கொண்டுவந்துவிடும்.