இணையச் சமநிலை: விதி எட்டாத இடம்
தளத்தை முடக்காதே, வேகத்தைக் குறைக்காதே, காசு வாங்கி முன்னுரிமை தராதே. இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்கிற இணையச் சமநிலை விதிகள் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. இந்த மூன்றையும் மீறாமலே ஒரு தளத்தைத் திணறடிக்க முடியும் என்பதுதான் என் கவலை. இரண்டு நிறுவனங்களின் நெட்வொர்க் சந்திக்கும் இடத்தில், நிரம்பிப்போன போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, பெரிதாக்காமல் விட்டாலே போதும். மாலை நெரிசலில் பாக்கெட்டுகள் (தகவலின் சிறு துண்டுகள்) தானாக உதிரும். 2014-ல் நெட்ஃபிளிக்ஸ், அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட்டுக்குப் பணம் கட்டி நேரடி இணைப்பு வாங்கியது இந்தச் சிக்கலில்தான்.

உங்கள் இணைப்பில் இது நடக்கிறதா என்று அறிய ஸ்பீட் டெஸ்டை நம்பாதீர்கள். அதன் சர்வர் பல நேரம் உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும், எண் அழகாகத்தான் வரும். வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளில், இரவு 9 மணிக்கு, ஒரே வீடியோவை விபிஎன் இல்லாமலும் விபிஎன்னோடும் ஓட்டிப் பாருங்கள். விபிஎன் நீங்கள் பார்க்கும் தளத்தின் பெயரை மறைத்து, பெரும்பாலும் வேறு வழியாகக் கொண்டுபோகும். அதில் வேகம் கூடுகிறதா? விடிகாலை 5 மணிக்கு மறுபடி பாருங்கள். அப்போதும் அதே வித்தியாசம் என்றால், தளத்தின் பெயரைப் பார்த்தே வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். வித்தியாசம் மறைந்தால் பெரும்பாலும் போர்ட் நெரிசல்.

முதலாவதற்கு, இணையச் சமநிலை விதி உள்ள நாடுகளில் புகார் கொடுக்க வழி இருக்கிறது. இரண்டாவதற்கு, இணைப்பு போர்ட் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்பதை மாதாமாதம் வெளியிடச் சொல்லி ஒழுங்குமுறை ஆணையங்கள் கட்டாயப்படுத்த வேண்டும்.