கொழுந்து நிறுவையை பிளொக்செயினில் எழுதுமுன் போடவேண்டிய கணக்கு

தேயிலையின் தடம் காட்டும் செயலி, கொழுந்து நிறுவையைத் திருத்தமுடியாத ஏட்டில் (பலரது கணினிகளில் ஒரே பிரதியாக இருக்கும், பதிவுகளைச் சங்கிலிபோல் கோர்த்த பிளொக்செயினில்) பதியும் செயலி என்று மலையகப் பிள்ளைகள் யோசிக்கிற திட்டங்களை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் முதலில் ஒன்றைக் கேட்பேன்: கொழுந்து நிறுக்கும் எல்லா மடுவத்திலும் ஒரே நேரத்தில் நிறுவை நடந்தால் உங்கள் வலையமைப்பு தாங்குமா?

ஒரு தோட்டத்தில் 400 பேர் கொழுந்து எடுக்கிறார்கள், நாளைக்கு மூன்று நிறுவை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,200 பதிவுகள். இதை 24 மணித்தியாலத்தால் வகுத்துப் பார்ப்பதில் பயனில்லை. நெருக்கடி நேரத்தைத்தான் பார்க்கவேண்டும். ஒரு நிறுவை அரை மணித்தியாலத்தில் முடிகிறதென்றால் 1,800 செக்கனில் 400 பதிவுகள், அதாவது நாலரை செக்கனுக்கு ஒன்று. ஒரு தோட்டம் மட்டும் என்றால் மடிக்கணினியில் ஓடும் சாதாரண தரவுத்தளமே போதும். 300 தோட்டங்கள் சேர்ந்தால் செக்கனுக்கு 67 பதிவுகள் வரும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

யாரும் சேரக்கூடிய பொது பிளொக்செயினான பிட்கொயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளொக், அதாவது ஒரு கட்டுப் பதிவுகள், சேரும். பழைய 1 எம்பி வரம்பில் 250 பைட் பரிவர்த்தனைகள் 4,000 அடங்கும். 600 செக்கனால் வகுத்தால் செக்கனுக்கு ஏழுகூட வராது. இன்னொரு பொது பிளொக்செயினான எதேரியத்தில் 12 செக்கனுக்கு ஒரு பிளொக், 2025 இறுதியில் ஒரு பிளொக்கின் காஸ் (கணினி வேலையை அளக்கும் அலகு) வரம்பு 60 மில்லியன். செக்கனுக்கு 5 மில்லியன் காஸ். ஒரு நிறுவையைச் சேமிப்பில் புதிதாக எழுத, பரிவர்த்தனைக்கு அடிப்படையாக 21,000, புதிய சேமிப்பிடத்துக்கு 22,100, இதர செலவும் சேர்ந்து 45,000 காஸ் அளவில் போகும். 67 பதிவுகளுக்கு 3 மில்லியன். இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பிளொக் பாதிக்கு மேல் நிறைந்தாலே அடிப்படைக் கட்டணம் ஏறத் தொடங்கும். முழுதாக நிறைந்த ஒவ்வொரு பிளொக்குக்கும் 12.5 வீத ஏற்றம், ஆறு பிளொக்கில் கட்டணம் இரட்டிப்பு. வேறு யாருமே பாவிக்காவிட்டால்கூட எங்கள் கொழுந்து மட்டும் அந்தக் கட்டணத்தை ஏற்றிவிடும்.

பிளொக்கைப் பெரிதாக்கலாமே என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. 2017 ஆகஸ்டில் பிட்கொயின் கேஷ் பிரிந்து 8 எம்பிக்குப் போனது, 2018 மே மாதம் 32 எம்பி ஆனது. 32 எம்பி பிளொக்குகள் நிறைந்து ஓடினால் நாளைக்கு 4.6 ஜிபி. கூடையைப் பெரிதாக்கினாலும் சுமக்கிற முதுகு அதேதான். மழை பெய்தால் சிக்னல் போகிற பள்ளத்து லயத்தில் அந்த அளவு தரவை இறக்கி எவராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்ப்பு கொழும்பில் உள்ள இரண்டு மூன்று சேர்வர்களின் கைக்குப் போய்விட்டால், தன் நிறையைத் தானே பார்த்து உறுதிசெய்யும் உரிமை கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குக் கிடைக்காது. அதற்காகத்தானே இந்தத் தொழில்நுட்பத்தையே தேடினோம்?

ஆகவே எல்லோரும் பார்க்கவேண்டியதைக் குறைக்க வேண்டும். நாளின் 1,200 பதிவுகளுக்கும் ஹாஷ் (பதிவு சிறிது மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) எடுத்து, அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து மீண்டும் மீண்டும் ஹாஷ் எடுத்து ஒரே வேரில் முடியும் மெர்க்கல் மரமாகக் கட்டி, அதன் வேர் ஹாஷை மட்டும், 32 பைட்டை, சங்கிலியில் எழுதுங்கள். சேமிப்பில் எழுதாமல் நிகழ்வுப் பதிவாக வெளியிட்டால் சுமார் 23,000 காஸ்தான், அதுவும் முழுத் தோட்டத்துக்கும் நாளைக்கு ஒரு தடவை. 1,200 பதிவுகளுக்கு மரம் 11 படி உயரும். ஒரு தொழிலாளியின் சான்றுக்கு 11 ஹாஷ்கள், 352 பைட். நிறுவைத் துண்டில் அச்சடிக்கிற ஒரு கியூஆர் குறியில் இது தாராளமாக அடங்கும்.

இதில் பிழைக்கும் இடங்கள் உண்டு. பேர் இலக்கமும் நிறையும் மட்டும் சேர்த்து ஹாஷ் எடுத்தால், நிறைகள் சில ஆயிரம் பெறுமதிகளுக்குள் அடங்குவதால் எவரும் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து அடுத்தவரின் நிறையைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு பதிவோடும் 16 பைட் எழுமாறான எண் சேருங்கள். ஹாஷ் எடுக்கும்போது பதிவுக்கு முன் 00, இடைக்கணுவுக்கு (மரத்தில் இரண்டு ஹாஷ்கள் சேரும் இடத்துக்கு) முன் 01 என்று ஒரு பைட் வையுங்கள். இல்லாவிட்டால் இடைக்கணுவையே பதிவென்று காட்டி ஏமாற்ற முடியும். ஒற்றைப்படையில் மிஞ்சும் கடைசிக் கணுவை இரட்டிப்பதையும் தவிருங்கள். வேறுபட்ட இரண்டு பட்டியல்கள் ஒரே வேரைத் தரும் இந்தக் கோளாறு பிட்கொயினிலேயே 2012இல் வெளிப்பட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, வேர் சங்கிலியில் இருக்க, பதிவுகள் இருந்த கணினி பழுதாவது அல்லது பதிவுகள் ஒளிக்கப்படுவது. தோட்ட அலுவலகத்துக்கு வெளியேயும், தொழிற்சங்கத்திடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ, முழுப் பிரதி இருக்கவேண்டும்.

பரிவர்த்தனைகளைச் சங்கிலிக்கு வெளியே நடத்தி, தொகுப்பாகப் பிரதான சங்கிலியில் பதியும் ரோலப்புகள் இதே வழியைப் பெரிய அளவில் செய்கின்றன. 2024 மார்ச் 13இல் எதேரியத்துக்கு வந்த டென்குன் மேம்படுத்தல் அவற்றுக்காக 128 கேபி புளொப்களை (தற்காலிகத் தரவுப் பொதிகளை) கொண்டுவந்தது; வலையமைப்பு அவற்றைச் சுமார் 18 நாள் மட்டுமே வைத்திருக்கும், அதற்குப் பிறகு பாதுகாப்பது உங்கள் பொறுப்பு. பதிவுகள் சரியென்று எடுத்துக்கொண்டு மறுப்புக்கு அவகாசம் விடும் ஒப்டிமிஸ்டிக் வகையில் பிரதான சங்கிலிக்குப் பணம் எடுக்க ஏறக்குறைய 7 நாள் காத்திருக்கவேண்டும். நிறுவைப் பதிவுக்கு அது தடையில்லை, சம்பளம் கொடுக்கும் திட்டத்துக்குத் தடைதான். ஷார்டிங் (சங்கிலியையே பல பகுதிகளாகப் பிரித்து ஓட்டுவது) பற்றி இப்போதைக்கு மண்டையை உடைக்கவேண்டாம். எங்கள் அளவுக்கு அது தேவையில்லை.

தோட்டம், தரகர், ஏற்றுமதியாளர் மட்டும் சேர்ந்த அனுமதி வலையமைப்பு என்றால் அதற்கென்றே உள்ள ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற மென்பொருள் நல்ல தெரிவு. அங்கே வேகத்தைக் கொல்வது பெரும்பாலும் நிரல் எழுதும் முறைதான். "இன்றைய மொத்தக் கொழுந்து" என்று ஒரே சாவியை (பதிவைத் தேடி எடுக்கும் பெயரை) வைத்து ஒவ்வொரு நிறுவையிலும் அதைக் கூட்டினால், ஒரு பிளொக்கில் அதே பதிப்பை வாசித்த பத்துப் பரிவர்த்தனைகளில் முதலாவது மட்டும் செல்லும். மீதி ஒன்பதும் வாசிப்பு மோதல் என்று செல்லாதவையாகும், ஆனாலும் பிளொக்கில் இடம் பிடிக்கும். அவற்றைத் திரும்ப அனுப்பினால் நெருக்கடி இன்னும் கூடும். திகதி, மடுவம், தராசு இலக்கம், வரிசை எண் சேர்த்து ஒவ்வொரு நிறுவைக்கும் தனிச் சாவி கொடுங்கள். மொத்தத்தைப் பின்னேரம் கூட்டிக்கொள்ளலாம். ஃபேப்ரிக்கோடு வரும் டெஸ்ட்-நெட்வொர்க் மாதிரியில் 10 பரிவர்த்தனை அல்லது 2 செக்கன் ஆனதும் பிளொக் வெட்டப்படும். அந்த 10ஐ அப்படியே விட்டுவிட்டு ஃபேப்ரிக் மெதுவானது என்று சொல்வது நியாயமில்லை. சிக்கலான தேடல் தேவையில்லாத இடத்தில் கவுச்டிபி தரவுத்தளத்தை விட்டு லெவல்டிபி தரவுத்தளத்தைப் பாவித்தாலும் வேகம் கூடும்.

சிக்னல் இல்லாத மடுவத்தில் தராசோடு இணைந்த கருவியே பதிவில் கையொப்பமிட்டு, தொடர் எண் போட்டு வைத்திருந்து, வழியில் சிக்னல் கிடைக்கும்போது அனுப்பட்டும். 57க்குப் பின் 59 வந்தால் 58 எங்கே என்று கேட்கலாம். மொத்த நிறை, கழிவு, கழிவுக்கான காரணம் மூன்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். தேறிய நிறையை மட்டும் பதிந்தால், சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று பிறகு கேட்கவே முடியாது. நிறையைக் கிராமில் முழு எண்ணாக எழுதுங்கள், 18.5 என்றும் 18.50 என்றும் எழுதினால் இரண்டு வேறு ஹாஷ் வரும், சரியான துண்டையே கைபேசி பிழை என்று காட்டும்.