எல்லாருக்கும் செய்யும் டெஸ்ட்தான் அது

லண்டனில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நெஞ்சுவலி, காய்ச்சல் என்று எதற்காக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனாலும், ரத்தம் எடுத்தால் எச்.ஐ.வி.யும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கூடுதல் ஊசி கிடையாது. வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள்.

"என்னைப் பார்த்தா சந்தேகப்பட்டார்கள்?" என்று தெரிந்த அண்ணன் ஒருவர் கொதித்துப்போய்க் கேட்டார். இல்லை அண்ணா, யாரையும் சந்தேகப்படாமல் எல்லாருக்கும் செய்வதுதான் இதன் நோக்கமே. ஆளைப் பார்த்து டெஸ்ட் எழுதினால் அறுபது வயதுக்காரரும் கல்யாணமான பெண்ணும் விடுபட்டுப் போகிறார்கள். நிமோனியா என்று வருவார்கள், மருந்து வாங்கிப் போவார்கள், மறுபடி வருவார்கள். கடைசியில் கண்டுபிடிக்கும்போது எதிர்ப்புச் சக்தி சரிந்திருக்கும். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. முன்னமே தெரிந்தால் தினசரி மாத்திரையோடு நல்லபடியாக வாழலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாகத் துணைக்கும் பரவாது.

2022 ஏப்ரலில் லண்டன், மான்செஸ்டர், பிரைட்டன், பிளாக்பூல் பக்கம் தொடங்கிய திட்டம் இது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளுக்கான டெஸ்டும் இதில் உண்டு.

அப்புறம், டெஸ்ட் முடிவு பற்றி கிளினிக்கிலிருந்து போன் வந்தால் பயப்படாமல் எடுங்கள். இங்கிலாந்தில் எச்.ஐ.வி. சிகிச்சை 2012 அக்டோபரிலிருந்து எல்லாருக்கும் இலவசம், விசா இல்லாதவர்களுக்கும்தான்.