கோட்டுக்குக் கீழேயும் வரையுங்கள்

புராடக்ட் டிசைன் (பொருள் வடிவமைப்பு) படித்துவிட்டு, ஒரு சேவை எப்படி நடக்க வேண்டும் என்று வடிவமைக்கும் சர்வீஸ் டிசைன் வேலைக்கு வருகிறவர்களின் போர்ட்ஃபோலியோவில் நாலு பொருள், பளபளவென்று ரெண்டர், கடைசியில் கலர்கலராக ஒரு ஜர்னி மேப், அதாவது வாடிக்கையாளர் படிப்படியாகக் கடக்கும் பாதையின் படம், இருக்கும். அந்த மேப்பில் வாடிக்கையாளர் மட்டும் நடந்துகொண்டே இருப்பார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. போர்ட்ஃபோலியோ அடிபடுவது அங்கேதான்.

வங்கி அதிகாரியான லின் ஷோஸ்டாக் 1984-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ கட்டுரையில் உதாரணத்துக்கு எடுத்தது தெருவோர ஷூ பாலிஷ். தூசி தட்ட 30 விநாடி, பாலிஷ் பூச 30, தேய்க்க 45, காசு வாங்க 15. ஆக 2 நிமிடம். நிறம் மாற்றிப் பூசிவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும், லாபம் அதிலேயே கரையும். பாலிஷ் வாங்கி வைப்பது வாடிக்கையாளர் கண்ணில் படாத வேலை, அது ஒரு கோட்டுக்குக் கீழே. ஒரு சேவையின் எல்லாப் படிகளையும், கண்ணில் படாதவை உட்பட, வரையும் சர்வீஸ் புளூபிரிண்டின் கரு இதுதான். பாகங்கள் எப்படிச் சேரும் என்று காட்டும் அசெம்பிளி டிராயிங் போட்ட கைக்கு இது புதிதல்ல. பாகங்கள் இருந்த இடத்தில் நிமிடங்கள்.

பயிற்சிக்குப் பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனை நிலையம் போதும். அனுமதி வாங்கி, கூட்டம் மொய்க்கும் காலை 7 முதல் 10 வரை உட்காருங்கள். சம்மதிக்கிற ஆறு பேரை வாசலிலிருந்து ரிப்போர்ட் கைக்கு வரும்வரை கடிகாரத்தோடு பின்தொடருங்கள். இன்னொரு நாள் ஊசி போடுபவர் பக்கத்தில். மேனேஜரைக் கேட்டு வரைந்தால் விதிப்படி நடப்பதுதான் கிடைக்கும், நிஜத்தில் நடப்பது கிடைக்காது. பிறகு 3 மீட்டர் பிரவுன் பேப்பரில் ஐந்து வரிசை: ஒன்று, கையில் வரும் டோக்கன், பில், டியூப்; இரண்டு, வந்தவர் செய்வது; மூன்று, எதிரில் ஊழியர் செய்வது; நான்கு, உள்ளே நடப்பது; ஐந்து, அதைத் தாங்கும் சாஃப்ட்வேர், வண்டி. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் அந்தக் கோடு.

ஒரே ஒரு இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: டியூப் லேபிள். பில் கவுன்ட்டரில் அச்சடித்து, முன்கூட்டியே டியூபில் ஒட்டி ஸ்டாண்டில் வைத்திருந்தால், ஒரே பெயரில் இரண்டு பேர் வரும் காலையில் ரத்தம் மாறிப்போகும். “நீங்க முருகேசன்தானே?” என்றால் காது மந்தமான பெரியவர் தலையாட்டிவிடுவார். பெயரையும் பிறந்த தேதியையும் அவரே சொல்ல வேண்டும், ரத்தம் எடுத்ததும் அவர் முன்னாலேயே ஒட்ட வேண்டும். புராடக்ட் படித்தவருக்கு உடனே புது ஸ்டாண்ட் வரையக் கை துறுதுறுக்கும். தேவைப்படுவது பிரிண்டரை நாற்காலி பக்கம் நகர்த்துவது. நகர்த்தியதும் அடுத்த சிக்கல்: எட்டு மணிக்கு லேபிள் ரோல் தீர்ந்தால் பேனாவால் எழுதுவார்கள். மாற்று ரோலை முந்தைய நாள் மாலை யார் வைப்பது? அந்தப் பெயர் புளூபிரிண்டில் இல்லையென்றால் படம் முடியவில்லை.

சோதிக்க அட்டைப்பெட்டியும் மாஸ்கிங் டேப்பும் போதும். நிலையம் திறக்குமுன் ஊழியர்களோடு 20 நிமிடம் நடித்துப் பாருங்கள், அப்புறம் ஒரே ஒரு நாற்காலியில் ஒரு வாரம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை பேருக்கு மறுபடி ரத்தம் எடுக்க நேர்ந்தது என்று எண்ணி வையுங்கள்.

வேலை தேடும்போது ஒரு குழப்பம்: ஐடி கம்பெனிகளில் புராடக்ட் டிசைனர் என்றால் பெரும்பாலும் ஆப் திரை வரைபவர். இந்தியாவில் சர்வீஸ் வேலை பல நேரம் யூஎக்ஸ் (பயனர் அனுபவம்) என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும். விளம்பரத்தின் உள்ளே படியுங்கள். பிரிட்டன் அரசில் இது தனிப் பதவி. அவர்களுடைய 14 அம்ச சர்வீஸ் ஸ்டாண்டர்டு இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. நேர்காணலில் “இதனால் ஊழியருக்கு எவ்வளவு வேலை கூடும்?” என்ற கேள்விக்கு நிமிடக் கணக்கில் பதில் வைத்திருங்கள்.