உரியாவின் பெயர்

மார்ச் 5, 2025. சாம்பல் புதன்
ஆராதனையில் தாவீது ராஜா தன் பாவத்தை அறிக்கையிட்ட 51-ஆம் சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து வாசித்தோம். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்ற இடத்தில் எனக்குக் குரல் எழும்பவில்லை. ஒருவருக்கேயா? அப்போ உரியா? தாவீது மனைவியையும் எடுத்துக்கொண்டு, உயிரையும் எடுத்த அந்தப் போர்வீரன்?

மார்ச் 6
தூக்கமே இல்லை.

மார்ச் 8
2 சாமுவேல் 11 மறுபடியும். ராஜாவே வீட்டுக்குப் போகச் சொல்லியும் உரியா போகவில்லை. சேவகரோடு அரண்மனை வாசலில் படுத்துக்கொண்டான். கடைசியில் அவனைச் சாகடிக்கச் சொல்லும் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான் தாவீது. நம்பிக்கையானவன் என்பதால்தானே அப்படிக் கொடுக்க முடிந்தது. நான் நீட்டின பத்திரத்தில் அண்ணனும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்டான்.

மார்ச் 9, ஞாயிறு
போதகரிடம் பேசினேன். கர்த்தர் மன்னித்துவிட்டார், சமாதானமாய்ப் போங்கள் என்றார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாவத்தை உணர்த்த வந்த தீர்க்கதரிசி நாத்தான் முன்னால் தாவீது சொன்னது ஒரே வரி; அதே வசனத்திலேயே மன்னிப்பும் வந்துவிடுகிறது. கிருபை அவ்வளவு சீக்கிரம் வரும். ஆனால் "பாவஞ்செய்தேன்" என்று தாவீதுக்கு முன் ராஜாவாயிருந்த சவுலும்தான் சொன்னான். சொன்ன கையோடு, மூப்பர்கள் முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கெஞ்சினான். தேவனிடம் எல்லாம் சொல்லிவிட்டு மனிதரிடம் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்வது. இத்தனை இரவும் முழங்காலில் நின்று நான் கேட்டதும் அதைத்தானே.

மார்ச் 13
"என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று." சங்கீதம் 32. ஆமாம்.

மார்ச் 16
நாலத்தனை. நாலு மடங்கு. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கின கதையை நாத்தான் சொல்லக் கேட்டதும், பிடுங்கினவன் நாலத்தனை திருப்பித் தரவேண்டும் என்று தாவீது தீர்ப்புச் சொல்கிறான், யாரோ ஒருவனுக்கு என்று நினைத்து. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு அதே நாலத்தனையை யாரும் கேட்காமலே தனக்கு விதித்துக்கொள்கிறான். அதுவும் இயேசு அவனைத் தேடி வீட்டுக்கு வந்த பிறகு. கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வந்த வீட்டில் அந்தப் பணத்தை வைத்திருக்க அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலத்தனை என்னால் ஆகாது. அண்ணன் பங்கை முழுசும் திருப்பித் தர முடியும்.

மார்ச் 17
மத்தேயு 1. தாவீதின் மகன் சாலொமோனின் தாயை "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்றே எழுதியிருக்கிறது. இயேசுவின் வம்ச வரலாற்றில் அந்தப் பெயர் அப்படியே நிற்கிறது. தாவீதை மன்னித்தவர் உரியாவை மறைக்கவில்லை. வெகுநேரம் அழுதேன். போய்ச் சொல்ல தாவீதுக்கு உரியா உயிரோடு இல்லை. எனக்கு அண்ணன் இருக்கிறான்.

மார்ச் 18
எழுதினேன். கிழித்துவிட்டேன். கடிதம் வேண்டாம்.

மார்ச் 20
போனை அண்ணி எடுத்தார்கள். சனிக்கிழமை வீட்டில்தான் இருப்பார்களாம். அண்ணனிடம் கொடுக்கவா என்றார்கள். வேண்டாம் அண்ணி, நேரில் பேசணும் என்றேன். என்ன விஷயம்? பத்திரம் விஷயம். அப்புறம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அசல் பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் பையில் எடுத்து வைத்தாயிற்று.